மலைப் பட்டியில் பெண் கேட்டது

எங்கள் தெருவில் பெண் கேட்பதற்காக விமானம் ஏறிய முதல் ஆள் நான்தான். நானாக எங்கே ஏறினேன், ஏற்றிவிட்டார்கள். குடவாசலை விட்டால் எனக்குத் தெரிந்த தூரமெல்லாம் கும்பகோணம், தஞ்சாவூர், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது வேண்டிக்கொண்டு போன முத்துப்பேட்டை தர்கா. அதோடு சரி.

மகன் சரவணன் கிர்கிஸ்தான் நாட்டில் மெஸ் நடத்துகிறான். நம் பக்கத்துப் பிள்ளைகள் அங்கே டாக்டருக்குப் படிக்கப் போகிறார்கள் அல்லவா, அவர்களுக்குச் சாம்பாரும் ரசமும் வைத்துப் போடுகிறவன் அவன். மெஸ்ஸில் ரொட்டி சுட வந்த பெண்ணைப் பிடித்துப்போயிற்று. பெயர் அய்ஜான். அவளுடைய அப்பா அம்மா கோடைக்கு மலைமேல் ஏறி, ஆடு மாடு குதிரை மேய்த்து, குளிருக்குக் கீழே இறங்குகிறவர்கள். பெண்ணுக்குச் சம்மதம். ஆனால் பையன் வீட்டுப் பெரியவர் நேரில் வந்து, வாய் திறந்து கேட்க வேண்டுமாம். அதற்குப் பிறகுதான் கொடுப்பதா வேண்டாமா என்ற பேச்சே.

இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, நம் ஊரிலும் அப்படித்தான். சங்கடம் என்னிடம்தான் இருந்தது. அவன் அப்பா இருந்திருந்தால் பேசியிருப்பார். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் கூடின இடத்தில் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

"உங்க மாமாவை வரச் சொல்லேன்டா" என்றேன் போனில்.

"மாமா வந்தா பொண்ணு கேக்க மாட்டாரு, வம்புதான் கேப்பாரு. நீதான் வரணும். ஒரே ஒரு வார்த்தை கேட்டாப் போதும்மா. மீதியை நான் பாத்துக்கறேன்."

ஆடி கழியட்டும் என்று காத்திருந்தேன். ஆவணி பிறந்ததும், குறுவைப் பயிரைக் கொழுந்தனார் பொறுப்பில் விட்டுவிட்டுக் கிளம்பினேன். மஞ்சள், குங்குமம், ஒரு பித்தளைத் தட்டு, ஈரத்துணியில் சுற்றிய கும்பகோணம் வெற்றிலை, மருமகளுக்கு என்று வாங்கிய ஒரு ஜோடித் தோடு, எல்லாம் பையில் இருந்தன. கேட்க வேண்டிய அந்த ஒரு வார்த்தையை மட்டும் விமானம் முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

மலைக்கு ஒரு பழைய வேனில் போனோம். ரஷ்யாக்காரர் காலத்து வண்டியாம். ஓட்டுநர் பல்லெல்லாம் தங்கம் கட்டியிருந்தார். "வாய்லயே ஒரு கல்யாணச் செலவு வச்சிருக்காரே" என்று சரவணன் காதில் சொன்னேன். அவனிடம் மட்டும் எனக்குப் பேச வரும்.

வழியில் ஆட்டு மந்தை ஒன்று ரோட்டை அடைத்துக்கொண்டு வந்தது. நம் ஊரில் கிடை போட வரும் மந்தை குறுக்கே வந்தால் டவுன் பஸ்காரர் ஹாரன் அடித்தே கொன்றுவிடுவார். இந்தத் தங்கப்பல்காரர் வண்டியை அணைத்துவிட்டு இறங்கினார். மேய்ப்பவரோடு கைகுலுக்கினார். அவர் வீட்டில் எல்லோரும் சௌக்கியமா, ஆடுகள் சௌக்கியமா, குதிரை சௌக்கியமா என்று விசாரித்தாராம். மந்தை போய் வெகுநேரம் ஆகியும் விசாரிப்பு முடியவில்லை.

கடைசி ஏற்றத்துக்கு முன்னால் ஒரு ஓடை. நம் வாய்க்கால் அகலம்தான் இருக்கும், ஆனால் தண்ணீர் கல்லை உருட்டிக்கொண்டு ஓடுகிறது. நட்ட நடுவில் வண்டி நின்றுபோயிற்று. கதவிடுக்கில் தண்ணீர் உள்ளே வந்தது. ஐஸ்பெட்டிக்குள் காலை விட்ட மாதிரி. நான் புடவையை முழங்காலுக்குச் செருகிக்கொண்டு, தட்டுப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு சீட்டின்மேல் குந்தினேன்.

அந்த நேரத்தில் வெள்ளைக் கம்பளித் தொப்பி போட்ட ஒருவர் குதிரையில் வந்து கயிறு கட்டி வண்டியை இழுத்தார். கரையேறிய பிறகு என்னைப் பார்த்து நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்தார்.

"அம்மா, இவர்தான் அய்ஜானோட அப்பா" என்றான் சரவணன்.

சம்பந்தியை முதன்முதலாக நான் பார்த்த கோலம் இது. புடவையை இறக்கிவிடவே மறந்துபோய் நின்றேன்.

அந்தப் பள்ளத்தாக்கை எப்படிச் சொல்வது? நம் பக்கம் நாற்று நட்ட புதிதில் கண்ணுக்கு எட்டிய மட்டும் பச்சை இருக்கும் அல்லவா, அந்தப் பச்சையைத் தூக்கி நாலு பக்கமும் சாய்த்து நிறுத்திவைத்தால் எப்படி இருக்குமோ அப்படி. மரம் கிடையாது. ஓரமாக ஒரு வட்டக் கூடாரம், கம்பளியில் செய்தது. கூரை நடுவில் புகை போக ஓட்டை. மழை வந்தால் கயிற்றை இழுத்து மூடிவிடுகிறார்கள்.

கூடார வாசலில் அய்ஜான் நின்றாள். கன்னம் ரெண்டும் தக்காளி மாதிரி இருந்தன. மெஸ்ஸில் பிள்ளைகளிடம் கற்ற தமிழில், "வாங்க அத்தை! சாம்பார் போடவா?" என்றாள்.

சிரிப்பு வந்துவிட்டது. தலையை மட்டும் ஆட்டினேன்.

உள்ளே கதவுக்கு நேர் எதிரே, மெத்தைகள் அடுக்கின இடத்தில் என்னை உட்காரவைத்தார்கள். அதுதான் மரியாதையான இடமாம். அய்ஜானின் அம்மா குல்னாரா, நல்ல உயரம், தலையில் துணி கட்டியிருந்தாள். நம் டீக்கடை பாய்லரின் குட்டி மாதிரி ஒரு பாத்திரத்திலிருந்து எனக்குத் தேநீர் பிடித்துக் கொடுத்தாள். பிடி இல்லாத கிண்ணம். எட்டிப் பார்த்தால் அடியில் ரெண்டு விரல் அளவுக்குத்தான் இருக்கிறது.

எனக்கு முகம் விழுந்துவிட்டது. நம் ஊரில் ஆகாத சம்பந்தி வந்தாலும் டம்ளர் தளும்பத்தான் காபி வைப்போம். கடல் கடந்து வந்தவளுக்கு இதுதானா? பெண் தர இஷ்டமில்லை என்று குறிப்பாகச் சொல்கிறார்கள் போல என்று நினைத்தேன். குடித்தேன். மறுபடி அதே ரெண்டு விரல். மூன்றாம் தடவை அவள் கை நீட்டியபோது கிண்ணத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டேன். யாசகம் கேட்பது போல எதற்கு நீட்டிக்கொண்டே இருப்பது?

குல்னாரா என்னைப் பார்த்தாள். அப்புறம் புருஷனைப் பார்த்தாள். நான் கேட்க வந்த வார்த்தையும் அந்தக் கிண்ணத்தின் அடியிலேயே தங்கிப்போயிற்று.

மறுநாள் விடிந்தபோது குளிரில் விரல் மடங்கவில்லை. ஆனால் மூக்குக்கு ஒரு நல்ல வாசனை வந்தது. வரட்டி எரிகிற வாசனை! எழுந்து போய்ப் பார்த்தால், பட்டியில் ஆடு மிதித்துக் கெட்டிப்பட்ட சாணத்தை மண்வெட்டியால் செங்கல் மாதிரி வெட்டிக் காயவைத்து, அதில்தான் அடுப்பு எரிக்கிறார்கள். ஊரைவிட்டு வந்த பிறகு எனக்கு மூச்சு லேசானது அப்போதுதான்.

வெளிக்குப் போவதுதான் பெரிய வெட்கமாக இருந்தது. புதரே இல்லாத மலையில் எங்கே போவது? நான் விழிப்பதைப் பார்த்து அய்ஜான் ஒரு கம்பளியை எடுத்துக்கொண்டு வந்தாள். சரிவில் அதை விரித்துப் பிடித்துக்கொண்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிப் பாட்டுப் பாடினாள். எனக்குக் கூச்சமாக இருக்கக் கூடாது என்று சத்தமாகவே பாடினாள். இந்தப் பெண்ணை விட்டுவிட்டுப் போகக் கூடாது என்று அங்கே உட்கார்ந்துதான் முடிவு செய்தேன்.

குதிரை கறப்பதைப் பார்த்தேன். குட்டிகளை வரிசையாகக் கயிற்றில் கட்டிவைக்கிறார்கள். குட்டி இங்கே இருப்பதால் தாய்க்குதிரை எங்கே மேய்ந்தாலும் திரும்பி வந்துவிடுகிறது. முதலில் குட்டியை ஊட்டவிட்டு, பால் இறங்கியதும் விலக்கிவிட்டுக் கறக்கிறார்கள். நாம் கன்றை விட்டுக் கறப்பதும் இப்படித்தானே. அந்தப் பாலைப் புளிக்கவைத்துக் குடிக்கிறார்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் குடித்தேன். நம் பழையசோற்று நீராகாரம் ரெண்டு நாள் கூடுதலாகப் புளித்தால் சுருக்கென்று ஏறுமே, அதே ருசி. இன்னொரு வாயும் குடித்தேன்.

தயிரை உப்புப் போட்டு உருட்டி, வடாம் மாதிரி வெயிலில் காயவைத்திருந்தார்கள். கல் மாதிரி இருக்கிறது. எனக்கு இருக்கும் நாலு பல்லில் ஒன்று ஆடிப்போயிற்று. எனக்காகச் சோறு ஆக்கினார்கள். அரிசியோடு கேரட்டையும் ஆட்டுக்கறியையும் போட்டு, எண்ணெய் மிதக்க. நான் எடுத்துப்போன எலுமிச்சை ஊறுகாயை அய்ஜானின் அப்பாவுக்குத் தொட்டுக் கொடுத்தான் சரவணன். அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "இது சாப்பாடா, தண்டனையா?" என்று கேட்டாராம். கேட்டுவிட்டு இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டார்.

சாயங்காலம் ஆடுகள் பட்டிக்குத் திரும்பும்போது, நம் ஊர்க் கிடையைப் பற்றிச் சரவணன் அவரிடம் சொன்னான். அறுவடை முடிந்த வயலில் ராத்திரி ஆடுகளை அடைப்பார்கள், புழுக்கைதான் உரம், அதற்காக ஆட்டுக்காரர்களுக்கு நாம் நெல் அளப்போம் என்று.

அவர் நம்பவில்லை. "ஆடு நம்ம நிலத்துல ராத்திரி தங்கினதுக்கு நாம கூலி குடுக்கறதா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பிறகு மந்தையைப் பார்த்து ஏதோ சொன்னார். சரவணன் விழுந்து விழுந்து சிரித்தான். "பசங்களா, நாம தப்பான நாட்டுல பொறந்துட்டோம்னு ஆடுங்ககிட்ட சொல்றாரும்மா."

எனக்கும் சிரிப்பு வந்தது. இதுதான் சமயம், கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் திரும்பிப் பார்த்தார். நான் கொட்டாவி விடுவது போல வாயை மூடிக்கொண்டேன்.

"என்னம்மா நீ?" என்றான் சரவணன், குரல் கம்மி. "நாளைக்கு அவளோட பெரியப்பா வர்றாராம். அவர் சொல்றதுதான் இந்த வீட்ல கடைசி வார்த்தை. நாளைக்காவது கேட்டுடு."

"அவங்க டீயே முழுசாத் தர மாட்டேங்கறாங்க, பொண்ணு எங்கடா தரப்போறாங்க" என்று முனகினேன். காற்றில் அவனுக்குக் கேட்கவில்லை.

பெரியப்பா மறுநாள் காலையில் குதிரையில் வந்தார். ஆலமரம் மாதிரி ஆள். வந்த நேரத்தில் குல்னாராவும் அய்ஜானும் பால் கறக்கப் போயிருந்தார்கள். சரவணன் ஓடையில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தான். கூடாரத்துக்குள் நான் மட்டும்தான். அவரும் அய்ஜானின் அப்பாவும் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள்.

எனக்குக் கை பரபரத்தது. வெயிலில் வந்த மனிதருக்கு ஒரு வாய் கொடுக்காமல் எப்படி இருப்பது? வாய்தான் பேசாது, கை சும்மா இருக்குமா? இவர்கள் எனக்குக் கொடுத்த மாதிரி கொடுக்கக் கூடாது, நம் ஊர் மரியாதை என்ன என்பதைக் காட்டிவிட வேண்டும் என்று ஒரு வீம்பும் இருந்தது. பாய்லரைத் திருகி, பெரியப்பாவுக்குக் கிண்ணம் விளிம்பு வரை, இன்னும் ஒரு சொட்டு விட்டால் வழியும் என்கிற அளவுக்கு ஊற்றினேன். அய்ஜானின் அப்பாவுக்கும் அப்படியே. சிந்தாமல் ரெண்டு கையாலும் கொண்டுபோய் வைத்தேன்.

ரெண்டு பேரும் கிண்ணத்தைப் பார்த்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியப்பா முகம் இறுகியது. கிண்ணத்தைத் தொடாமல் எழுந்தார், தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டார், வெளியே போய்விட்டார்.

வாளியோடு உள்ளே வந்த சரவணன் கிண்ணங்களைப் பார்த்தான். வாளி கையிலிருந்து நழுவியது.

"என்னம்மா பண்ணுன!"

"டீ குடுத்தேன்டா. முழுசா."

"ஐயோ! இங்க கொஞ்சமா ஊத்தினாத்தான் மரியாதை. இன்னும் உக்காருங்க, இன்னும் பேசுங்க, திரும்பத் திரும்ப ஊத்தறோம்னு அர்த்தம். தளும்ப ஊத்தினா, குடிச்சிட்டுக் கெளம்புன்னு அர்த்தம். அவர் தம்பி வீட்லயே அவரைப் போகச் சொல்லிட்டியேம்மா!"

அவன் முகத்தைப் பார்த்தேன். காய்ச்சலோடு முத்துப்பேட்டைக்குத் தூக்கிக்கொண்டு போனபோது இருந்த முகம். அதற்குப் பிறகு நான் யோசிக்கவில்லை. செருப்புகூடப் போடாமல் வெளியே ஓடினேன்.

பெரியப்பா குதிரைமேல் ஏறிவிட்டார். நான் நேரே போய்க் கடிவாளத்தைப் பிடித்தேன். நாற்பது வருஷம் மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்த கை. குதிரை நின்றுவிட்டது.

"ஐயா, நில்லுங்க. கோச்சுக்கிட்டுப் போவாதீங்க. நான் உங்களைப் போகச் சொல்லலை. எங்க ஊர்ல பச்சைத்தண்ணி குடுத்தாலும் சொம்பு தளும்பத்தான் குடுப்போம். கொறைச்சுக் குடுத்தா வந்தவங்களை மதிக்கலைன்னு ஆயிடும். கல்யாண வீட்ல மொதல்ல வைக்கறது நெறைகுடம். படியில நெல்லு அளந்தா குமிச்சுத்தான் அளப்போம். அந்தக் கைங்க இது, கொறைச்சு ஊத்தத் தெரியாது."

சரவணன் பின்னாலேயே ஓடிவந்து மூச்சு வாங்க அவர்கள் மொழியில் சொன்னான். எனக்கு நிறுத்தத் தெரியவில்லை.

"பொண்ணு கேக்கத்தான் வந்தேன். வந்த நாள்லேருந்து வாய் வரலை. இப்பக் கேக்கறேன். அய்ஜானை என் புள்ளைக்குக் குடுங்க. நீங்க வேற மார்க்கம், நாங்க வேற சாமின்னு ஊர்ல எல்லாரும் சொன்னாங்க. இவனுக்கு உயிர் போற காய்ச்சல் வந்தப்ப நான் தர்காவுலதாங்க கெடந்தேன். இங்க உங்க வழக்கப்படி ஓதுங்க. அங்க எங்க வழக்கப்படி ஒரு தாலி. பொண்ணைக் கண்ணுல வச்சுப் பாத்துக்கறேன்."

சரவணன் பாதியில் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பால் வாளியோடு வந்து நின்ற அய்ஜான் மீதியைச் சொன்னாள். நான் பெண் கேட்ட வார்த்தையை அந்தப் பெண்ணே எடுத்துச் சொல்லும்படி ஆயிற்று.

பெரியப்பா குதிரைமேல் இருந்தபடி என்னைக் குனிந்து பார்த்தார். ஏதோ கேட்டார்.

"என்னடா கேக்கறாரு?"

"இந்தம்மாவுக்குப் பேச வருமான்னு கேக்கறாரு" என்றான் சரவணன்.

அப்புறம் அவர் பேசினார். தம்பி மனைவி அவருக்குச் சொல்லி அனுப்பியிருந்தாளாம்: பையனின் அம்மா வந்ததிலிருந்து நம்மோடு ஒரு வார்த்தை பேசவில்லை, தேநீர்க் கிண்ணத்தைக்கூடக் கையால் மூடிவைக்கிறாள், நம்மை அவளுக்குப் பிடிக்கவில்லை, இப்படிப்பட்ட வீட்டுக்கு எப்படிப் பெண்ணை அனுப்புவது என்று. வேண்டாம் என்று சொல்லி முடித்துவிடத்தான் அவர் கிளம்பி வந்தாராம். "கிண்ணத்தைப் பார்த்ததும், சரி, அந்தம்மாவே சொல்லிட்டாங்க, என் வேலை மிச்சம்னு நெனச்சேன்" என்றார்.

குல்னாரா என் பக்கத்தில் வந்து நின்றிருந்தாள். நான் அவளுக்குப் பயந்த நாளெல்லாம் அவள் எனக்குப் பயந்திருக்கிறாள்.

பெரியப்பா இறங்கினார். இறங்கும்போது சொன்னதை அய்ஜான் தன் மெஸ் தமிழில் சொன்னாள்: "அத்தை, பெரியப்பா சொல்றாங்க... கயிறு விடு, குதிரைக்கு வாய் வலி!"

அப்போதுதான் கடிவாளத்தை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது தெரிந்தது. எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

பித்தளைத் தட்டை எடுத்து வைத்தேன். வெற்றிலை குளிரில் கருகிப்போயிருந்தது. தெரிந்தே தட்டில் வைத்தேன், வெற்றிலை இல்லாத தட்டு ஒரு தட்டா? குல்னாரா ஒன்றை எடுத்து முகர்ந்து, ஆட்டுக்குப் போடுவதா மனிதர் தின்பதா என்று மகளிடம் மெதுவாகக் கேட்டாள். பெண்ணுக்குப் பையனின் அம்மா தோடு போட்டுவிட்டால் அவர்களுக்கு அது நிச்சயம் செய்த மாதிரியாம். நம் பக்கம் பூ வைப்பது போல. அய்ஜானின் காதில் தோட்டை மாட்டினேன். திருகாணியைக் கொஞ்சம் இறுக்கித் திருகிவிட்டேன். "மெதுவா அத்தை, போதும், போதும்" என்றாள். பந்தியில் சோறு வேண்டாம் என்பதற்குப் பிள்ளைகள் சொல்கிற போதும்.

பிறகு ஓர் ஆட்டைப் பிடித்துவந்து என் முன்னால் நிறுத்தினார்கள். விருந்தாளி ஆசி சொன்ன பிறகுதான் அறுப்பார்களாம். எல்லோரும் உள்ளங்கையை ஏந்திக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். "நல்லா இருங்க, பட்டி பெருகட்டும்" என்றேன். ஆட்டைப் பார்த்து அதைச் சொல்லத்தான் கஷ்டமாக இருந்தது. அன்றைக்கு வெள்ளிக்கிழமை வேறு. நான் வெள்ளிக்கிழமை கறி சாப்பிடுவதில்லை. ரொட்டியும் பாலாடையும் தின்றேன். மறுநாள் பழைய குழம்பில் ஒரு பிடி பிடித்தேன்.

கிளம்புகிற நாள் தங்கப்பல்காரர் வேனை ஓடைக்கு அந்தப் பக்கமே நிறுத்திவிட்டார், இந்தத் தடவை தண்ணீரில் இறக்க மாட்டேன் என்று. மேலே புல் பழுக்க ஆரம்பித்திருந்தது. அவர்களும் சீக்கிரம் மந்தையை ஓட்டிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். இறங்கி, ஆடுகளைக் குளிர்காலப் பட்டியில் சேர்த்துவிட்டு, தை மாதம் கல்யாணத்துக்குக் குடவாசல் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பெரியப்பா எதற்கு வருகிறார் என்றால், ஆட்டுக்கு நெல் அளக்கும் ஊரைக் கண்ணால் பார்க்க வேண்டுமாம்.

குல்னாரா பாய்லர் பக்கத்தில் உட்கார்ந்து எனக்குத் தேநீர் ஊற்றினாள். ரெண்டு விரல் அளவு. குடித்தேன். மறுபடி ரெண்டு விரல். அவள் அவள் மொழியில் பேசினாள், நான் என் மொழியில் பேசினேன். சரவணன் பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றதால் இடையில் சொல்ல ஆள் இல்லை. அது ஒரு குறையாகவும் தெரியவில்லை. மறுபடி ரெண்டு விரல்.

"அம்மா, நேரம் ஆச்சு" என்றான் சரவணன்.

ஓடைக்கு அந்தப் பக்கம் ஹாரன் அடித்தது. ஆட்டு மந்தைக்குக்கூட ஹாரன் அடிக்காத மனிதர் எனக்காக அடித்தார்.

நான் கிண்ணத்தை நீட்டினேன்.